வெள்ளம் வடிந்த பின்னர்த் தொடங்கும் தொண்டு

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, தென்கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, செங்கன்னூர் முதலிய ஊர்களில் சிக்கித் தவித்தோரை மீட்டனர். நாடே அவர்களைப் போற்றியது. நீர் வடிந்து குடும்பங்கள் வீடு திரும்பிய பின்னர் நடந்த தொண்டு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

குடும்பஸ்ரீ மகளிரும் மாணவர்களும் வீடு வீடாகச் சேற்றை வாரினர். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் இட்டனர். எலிக்காய்ச்சல் அச்சத்தால் துப்புரவுப் பணியாளர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கப்பட்டது. கையுறையும் உயரமான ரப்பர் காலணியும் இன்றிச் சேற்றில் இறங்குபவர், உதவ வந்த இடத்தில் தாமே நோயாளியாகிவிடக் கூடும்.

சேற்றை வாருமுன் ஒவ்வோர் அறையையும், சுவரில் நீர் ஏறிய அடையாளத்தையும், பழுதான பொருள்களையும் படம் எடுத்து வைத்தல் வேண்டும். ஆர்வ மிகுதியால் அனைத்தையும் தெருவில் எறிந்துவிட்டால், காப்பீட்டு மதிப்பீட்டாளரிடம் காட்ட அக்குடும்பத்திற்கு ஒன்றும் எஞ்சாது.

அடுத்தது ஆவணங்கள். நனைந்த கணக்குப் புத்தகத்தை வெயிலில் இடாது, தாள்களை வலிந்து பிரிக்காது, நிழலில் காற்றாட உலர்த்துக. உலர்ந்த பக்கங்களை வீட்டாருடன் அமர்ந்து பொறுமையாகப் படிப்பது பெரும்பயன் தரும். ஆண்டுக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடித்தம் காணப்பட்டால், அது பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தின் சந்தாவாக இருக்கலாம். இயற்கைப் பேரிடரால் நேரும் மரணமும் அத்திட்டத்தில் விபத்தாகவே கொள்ளப்படுகிறது. நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கணக்கு வைத்திருந்தவர் மறைந்துவிட்ட வீட்டில், அச்சிறு தொகை எதற்கெனப் பிறர் அறியாதிருப்பது அரிதன்று. தாமதமின்றிக் கிளையை அணுகி உரிமைக் கோரிக்கைப் படிவம் பெற உதவுவது, பத்து மூட்டை அரிசியினும் மேலான உதவி.

கேரள அரசு அவ்வெள்ளத்தின்போது அறிவித்த 10,000 ரூபாய் உடனடி உதவி, வங்கிக் கணக்கு வழியாகவே வழங்கப்பட்டது. கணக்கே இல்லாதவர், அடையாளச் சான்றுகளையும் இழந்தவர் என்செய்வார்? வங்கி அலுவலர் முன்னிலையில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டு, புகைப்படத்துடன் 'சிறு கணக்கு' தொடங்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடமளிக்கிறது. இதனை அறியாமல் திரும்பிச் செல்வோர் உண்டு. உடன் செல்லும் ஒருவர் எடுத்துரைத்தால் போதும். கடன் தவணை செலுத்த இயலாதவரும் மௌனமாக இராது, மறுசீரமைப்புக்குக் கிளையில் விண்ணப்பிக்கலாம்.

ஆயினும் தன்னார்வலருக்கு ஓர் எல்லை உண்டு. படிவத்தை நிரப்பித் தரலாம். அவருக்காகக் கையொப்பம் இடலாகாது. ரகசிய எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்கவும் கூடாது. அவர் தாமாகச் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுக. நிவாரணக் காலத்தில் உதவுவோர் போல வந்து ஏமாற்றுவோரும் உலவுவர். மூல ஆவணங்களை எடுத்துச் செல்லாது, அவ்விடத்திலேயே படம் எடுத்து, வீட்டாரின் கைப்பேசியிலேயே சேமித்து வையுங்கள்.