கரையேறும் இடங்களின் பட்டியல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, குமரி மாவட்டப் படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரக் கரைகள் வரை போய் ஒதுங்கின. புறப்பட்ட கரைக்கே திரும்புவோம் என்று கடலுக்குப் போகிறவர் யாரும் உறுதி சொல்ல முடியாது. எந்த ஊரில் மீன் இறங்குதளம் இருக்கிறது, எங்கே ஃபைபர் படகை மணலில் ஏற்றலாம், எந்த முகத்துவாரம் திறந்திருக்கிறது என்பதைக் கடலோர ஊர்கள் கூடித் தொகுத்து வைத்துக்கொள்வது அவசியம். இன்ஜின் நின்றுபோன படகில், இருட்டில், ஈரக் கையோடு ஒருவர் அந்தப் பட்டியலைத் திறப்பார். அவரை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

செய்ய வேண்டியவை

• பார்த்த தேதியைக் கட்டாயம் போடுங்கள். பழவேற்காடு முகத்துவாரத்தை மணல் அடிக்கடி மூடிவிடுகிறது. தை மாதம் திறந்திருந்த வழி ஆனியில் இருக்குமென்று சொல்வதற்கில்லை.

• ஜிபிஎஸ் எண்ணை ஒரே முறையில் எழுதுங்கள். படகிலுள்ள கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிடமாகக் காட்டும். செல்போன் தசமத்தில் காட்டும். அட்சரேகை 10 டிகிரி 30 நிமிடம் என்றால் தசமத்தில் 10.50. அதையே 10.30 என்று எழுதிவிட்டால் 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

• எந்தக் காற்றில் ஏறலாம் என்று சொல்லுங்கள். கச்சானில் குளம்போல் கிடக்கும் கிழக்குக் கரை, வாடையில் அலை எழும்பிப் படகை நெருங்க விடாது.

• ஆழம் எத்தனை பாகம், அடியில் மணலா பாறையா, சிமென்ட் சரிவு உண்டா, படகை இழுக்க டிராக்டர் கிடைக்குமா, இரவில் விளக்கு எரியுமா என்று வரிசையாகக் குறியுங்கள். டீசல், ஐஸ், குடிநீர் பிறகு வரட்டும்.

• கடலிலிருந்து பார்த்தால் தெரியும் அடையாளத்தைச் சேருங்கள்: கலங்கரை விளக்கம், கோபுரம், மாதா கோயில்.

• கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய அவசரத் தொலைபேசி எண்கள் இரண்டையும் முதல் வரியில் போடுங்கள்.

• அச்சடித்து, லேமினேட் செய்து படகில் வையுங்கள். கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும்.

• கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முழுப் பட்டியலையும் ஒருமுறை சரிபாருங்கள்.

செய்யக்கூடாதவை

• செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து எந்த இடத்தையும் சேர்க்காதீர்கள். நீருக்கடியில் கிடக்கும் பாறை அதில் தெரியாமல் போகலாம்.

• விபத்து நடந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தை எச்சரிக்கையோடு வைத்திருந்தால்தான் புதிதாக வருகிறவர் தப்பிப்பார்.

• மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை இறங்குமிடமாகக் காட்டாதீர்கள். அவை தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

• மீன் கிடைக்கும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) ஜிபிஎஸ் பாயிண்ட்டை இதில் கலக்காதீர்கள். அது ஒவ்வொருவரும் பாடுபட்டுக் கண்டது. அதை வெளியிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

• கரைவலை இழுக்கும் கரையை, ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

• சம்மதம் வாங்காமல் யாருடைய செல்போன் எண்ணையும் போடாதீர்கள்.

முதல் பதிவாக உங்கள் ஊர்க் கரையை எழுதுங்கள். எழுதியதை வேற்றூர்ப் படகோட்டி ஒருவரிடம் கொடுத்து, "இதை வைத்து ராத்திரியில் எங்க கரைக்கு வந்துவிடுவீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் இன்னும் ஒரு வரி தேவைப்படுகிறது.