கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் பக்கத்துப் பொட்டிக் கடைகளில் கல்லாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருபது வருஷம் நின்றவர், கிறிஸ்துமஸ் பரிசு வாங்கக் கிளம்பும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: 24ஆம் தேதி மதியம் விழுப்புரத்திலிருந்து காரில் கிளம்பி, ஈ.சி.ஆர். கடைகளைச் சுற்றிவிட்டு, இரவுத் திருப்பலிக்கு ஊர் திரும்பிவிடலாமா?
*வாசகர், விழுப்புரம்*

பதில்: முடியாது. திருப்பலியா, ஷாப்பிங்கா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் கோட்டக்குப்பத்தைத் தாண்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். மாதத்தின் முதல் வாரத்தில், வேலை நாளில், காலையில் போங்கள். கடைக்காரருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

கேள்வி: அக்கா, போன வாரம் ஆரோவில் போயிருந்தோம். ஒரே ஒரு காபி கப் 650 ரூபாய் என்றார்கள். எங்கள் நேரு வீதியில் அந்தக் காசுக்கு ஆறு கப், சாஸரோடு வாங்கிவிடுவேன். பேரம் பேசினால் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இது பகல் கொள்ளை இல்லையா?
*வாசகி, திண்டிவனம்*

பதில்: இல்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

உங்கள் ஆறு கப் செட் அச்சில் வார்த்தது. மண் கரைசலை ஊற்றினால் ஒன்றைப் போலவே ஆயிரம் வரும். நீங்கள் பேரம் பேசிய கப் சக்கரத்தில் எடுத்தது. முதலில் மண்ணைச் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைய வேண்டும். உள்ளே காற்று தங்கினால் சக்கரத்தில் சுவர் கோணிக்கொள்ளும். எடுத்த கப் பாதி காய்ந்ததும் கவிழ்த்து வைத்து அடியைச் சீவ வேண்டும், காது ஒட்ட வேண்டும், அவசரப்படாமல் நிழலில் காயவிட வேண்டும். பிறகு ஒரு சூடு. பிறகு மெருகுக் கலவையில் முக்கி இன்னொரு சூடு, 1250 டிகிரி செல்சியஸுக்கு மேல். நம் ஊர் அய்யனார் குதிரை சுடும் சூளை ஆயிரத்தைத் தொடுவதே அபூர்வம். 1200ஐத் தாண்டினால்தான் இந்த மண் கல்லாக இறுகும். ஸ்டோன்வேர் என்ற பெயரே அதனால்தான். இவ்வளவும் முடிந்து வெளியே வரும்போது கப் பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். உங்கள் கையில் இருக்கும் அளவு, குயவர் கையில் இருந்த அளவு இல்லை. அதையும் கணக்குப் பண்ணித்தான் அவர் எடுத்திருக்கிறார்.

சூளை திறக்கும் காலையில் போய் நின்றிருக்கிறேன். வாசலை அடைத்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். உள்ளே பார்த்தால் இரண்டு கப்புக்குக் காது விரிந்திருக்கும், ஒன்றின் மெருகு வழிந்து பலகையோடு ஒட்டியிருக்கும், ஒரு வரிசைக்கே நிறம் மாறியிருக்கும். உடைந்ததுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அந்தச் செலவும் தப்பிப் பிழைத்த கப்பின் விலையில்தான் ஏறும்.

இந்தக் கடற்கரையில் இந்த வேலை தொடங்கி ஒன்றும் ஆயிரம் வருஷம் ஆகிவிடவில்லை. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். நம் பக்கத்துச் சவுக்கு விறகுதான் அவர்கள் சூளைக்குத் தீனி. அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று பட்டறைகள் பெருகின. இன்று சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது அந்த வழியில்தான். முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பெண்ணின் அண்ணனோ அத்தையோ அந்தக் கப்பை எடுத்தவராக இருக்கலாம்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காகக் கடைக்காரர் சொல்வதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்து லாரியில் வந்திறங்கிய கப்பை மூங்கில் தட்டில் அடுக்கி, சணல் கயிற்றில் ஒரு அட்டை கட்டி, ‘இங்கேயே கையால் செய்தது’ என்று விற்கிற இடமும் இருக்கிறது. குர்ஜா சரக்கில் குறை ஒன்றுமில்லை, என் வீட்டு ஊறுகாய் ஜாடி அங்கிருந்து வந்ததுதான். பொய் சொல்லி விற்பதுதான் குறை. ஆகவே கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு படாத ஒரு வளையம், சீவுளி ஓடிய கோடு, பட்டறை முத்திரை தெரிகிறதா? உள்ளே விரலை ஓட்டினால் குயவர் விரல் ஏறிய வரி தட்டுப்படுகிறதா? பக்கத்துக் கப்பை எடுத்து ஜோடி வையுங்கள். இம்மியும் மாறாமல் இருந்தால் அது அச்சு, தாராளமாகப் பேரம் பேசுங்கள். மாறியிருந்தால் கேட்ட காசைக் கொடுங்கள். கையில் காசு குறைவு என்றால் ‘செகண்ட்ஸ் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். மெருகில் ஒரு புள்ளி விழுந்ததை ஒதுக்கிவைத்த கூடை பல பட்டறைகளில் உண்டு. புள்ளி விழுந்த கப்பில் காபி ஒழுகாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். தோழிக்கு 300 ரூபாய்க்குள் பரிசு தர வேண்டும். பொட்டிக் கடைக்குள் நுழையவே பயமாக இருக்கிறது.
*பெயர் வேண்டாம், விழுப்புரம்*

பதில்: கடைக்குள் நுழைய டிக்கெட் கிடையாது தம்பி. பயப்படாமல் போங்கள். பனியன் துணி வெட்டில் மிஞ்சும் பருத்தித் துண்டைக் கூழாக்கிச் செய்யும் கைக்காகிதத்தில் சின்ன நோட்டுப் புத்தகம் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு மூலையில் பேனா வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், சில காகிதத்தில் மை பரவும். முதல் பக்கத்தில் நீங்களே நாலு வரி எழுதிக் கொடுங்கள். இணையத்திலிருந்து எடுத்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவாள்.

கேள்வி: எங்கள் நிறுவன ஊழியர்களுக்கு லோகோ போட்ட 200 கைவினை மக், டிசம்பர் 20க்குள் வேண்டும். யாரிடம் ஆர்டர் கொடுக்கலாம்? (கடிதத் தேதி: டிசம்பர் 2)
*மேலாளர், திண்டிவனம்*

பதில்: யாரிடமும் கொடுக்காதீர்கள். ‘முடியும்’ என்று ஒருவர் சொன்னால் அவரிடம் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழையில் பச்சை மண் காயாது என்பது நம் ஊரில் செங்கல் அறுக்கிறவர்களைக் கேட்டாலே தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த வாரம் பட்டறைகளில் பலகை பலகையாக அடுக்கிவைத்த கப் எல்லாம் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தன. தானே புயல் வந்ததோ 2011 டிசம்பர் 30. கிறிஸ்துமஸ் இங்கே புயல் மாதத்தில் வருகிற பண்டிகை என்பதை ஆர்டர் கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷத்துக்கு ஆகஸ்டில் போய்ப் பேசுங்கள், மாதிரி பார்த்து முன்பணம் கொடுங்கள். இந்த வருஷத்துக்கு ஆளுக்கொரு பாக்கெட் நல்ல பிளம் கேக்.

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் தங்கைக்கு வெட்டிவேர்ப் பாய், மரப்பொம்மை, விதை பதித்த வாழ்த்து அட்டை, வாசனை மெழுகுவத்தி எல்லாம் ஒரே பெட்டியில் அனுப்பலாமா?
*வாசகி, விழுப்புரம்*

பதில்: ஆஸ்திரேலியாக்காரர்கள் வேர், வைக்கோல், விதை, பட்டை ஒட்டிய மரம் இதிலெல்லாம் மகா கறார். பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று பிரித்துப் பார்ப்பார்கள், எடுத்து அழித்தும்விடுவார்கள். விதை அட்டையை உள்ளூரில் யாருக்காவது கொடுங்கள். வெட்டிவேர்ப் பாயை நீங்களே ஜன்னலில் தொங்கவிடுங்கள். துணி, காகிதம், மண் ஒட்டாமல் துடைத்த பீங்கான் போகலாம். பெட்டிமேல் என்ன இருக்கிறது என்பதை உள்ளபடி எழுதுங்கள்.

மெழுகுவத்தியைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு மதியம் திண்டிவனம் பைபாஸில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தேவதை மெழுகுவத்திகள் பன்னிரண்டும் தலை குனிந்து நின்றன. டிசம்பரில் மெல்போர்னில் கோடைக்காலம், யோசித்து அனுப்புங்கள்.

கட்டும்போது பெட்டிக்குள் காலி இடம் விடாதீர்கள். மூடிவிட்டுக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

கேள்வி: இயற்கைச் சாயம் போட்ட குர்தா மனைவிக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். துவைத்தால் சாயம் போகுமா?
*வாசகர், செஞ்சி*

பதில்: அவுரி நீலம் முதல் சில துவைப்பில் கொஞ்சம் விடும். தனியாக, குளிர்ந்த தண்ணீரில், சோப்புத் தூளைக் கொட்டாமல் அலசி நிழலில் போடுங்கள். நான் இதையெல்லாம் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்துவிட்டு, வீட்டில் என் மாமியாரின் வெள்ளைப் புடவையோடு சேர்த்து ஊறவைத்தவள். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

துணியையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மரக்கட்டை அச்சுப் போட்டதில் பூவுக்குப் பூ சேருமிடம் மயிரிழை தள்ளியிருக்கும், சாயம் பின்பக்கமும் கசிந்திருக்கும். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால் பெரும்பாலும் மெஷின் பிரிண்ட்தான். இன்னொன்று. மனைவி அளவு தெரியாமல் குர்தா எடுக்கப் போகாதீர்கள். அளவு தெரியாதென்றால் சேலை. அதற்கு ஈ.சி.ஆர். வரை போக வேண்டாம், விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே சிறுவந்தாட்டில் பட்டு நெய்கிறார்கள்.

கேள்வி: ‘ஆரோவில்’ என்று பெயர்ப்பலகை வைத்த கடையெல்லாம் ஆரோவில் கடைதானா? பாண்டிச்சேரி சாமான்களில் எதை நம்புவது?
*வாசகர், வானூர்*

பதில்: இல்லை. பில்லில் எந்தப் பட்டறை, எந்த ஊர் என்று இருக்கிறதா பாருங்கள்.

வானூரில் உட்கார்ந்துகொண்டு நீங்களே ‘பாண்டிச்சேரி சாமான்’ என்கிறீர்களே! 1968 பிப்ரவரி 28இல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி உங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக் குடில் செட் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஒரு ஆட்டுக்கும் ஒரு ராஜாவுக்கும் கழுத்து போய்விட்டது. சுடுமண்ணில் முழு செட் எங்கே கிடைக்கும்? ராஜாக்கள் வெள்ளைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டுமா?
*வாசகி, முகையூர்*

பதில்: அவர்கள் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்றுதான் மத்தேயு எழுதியிருக்கிறார். உங்கள் ஊர்க்காரர் சாயலில் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. இரண்டும் புதுச்சேரி எல்லைக்குள், உங்களுக்கு ஒரு பகல் பயணம். பொம்மைக்குப் பண்ருட்டியும் பேர்பெற்ற ஊர். ஆயுத பூஜை முடிந்து கொலு வேலை ஓய்ந்த கையோடு போய்ச் சொன்னால் செய்து தருவார்கள். படத்தைப் போனில் காட்டாதீர்கள், அதே வெள்ளைக்கார முகம்தான் திரும்பி வரும். ‘எங்கள் ஊர் ஆடு, எங்கள் ஊர் மாடு’ என்று வாயால் சொல்லுங்கள். காகிதக்கூழ் கனம் குறைவு, விழுந்தால் லேசில் உடையாது, ஈரம் மட்டும் ஆகாது. சுடுமண்ணைச் சாயம் பூசாமல் வாங்குங்கள். பழைய ஆட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கழுத்தில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி ஒட்டினால் குளிருக்குப் போர்த்தியது போல் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஞாயிறு பள்ளியில் அறுபது குழந்தைகள். ‘சுனாமிகா’ பொம்மை ஆளுக்கொன்று தர ஆசை. மொத்தமாக வாங்கினால் என்ன விலைக்குக் கிடைக்கும்?
*ஆசிரியை, மரக்காணம்*

பதில்: அதற்கு விலையே கிடையாது அம்மா. விற்பதற்காகச் செய்த பொம்மை அல்ல அது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, சுனாமி. உங்கள் ஊர்க் கடற்கரைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் மீனவப் பெண்கள் கடலைப் பார்க்கவே அஞ்சி, வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆரோவில்லில் உடை வடிவமைக்கும் உபாசனா பட்டறை, தையலில் மிஞ்சிய வெட்டுத் துணியை அவர்கள் கையில் கொடுத்து இந்தப் பொம்மையைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. மனசு ஆற ஒரு வேலை என்றுதான் ஆரம்பித்தார்கள். விரல் நீளம்கூட இருக்காது. துணியைச் சுருட்டி, நூல் சுற்றித் தலை, இரண்டு புள்ளியில் கண். அப்படியே லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் இலவசமாகவே கொடுக்கிறார்கள். விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம், அதிலிருந்து அந்தப் பெண்களுக்குக் கூலி போகும்.

என் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறைய வைத்திருந்தேன். ‘சும்மாவா?’ என்று கேட்டுக் கை நிறைய அள்ளிக்கொண்டவர்களும் உண்டு. ஒன்றே ஒன்றை எடுத்துப் பர்ஸ் ஜிப்பில் கோத்துக்கொண்டு, பேசாமல் பணத்தை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

அறுபது வேண்டுமென்றால், யாருக்கு, எதற்கு என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு குழந்தையின் பாட்டிக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கும். முடிந்தால் அவரையே அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.