பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்

நம்பிக்கை: பெயர் தெரிந்தால் எந்த மீன்பிடிக் கப்பலையும் கண்டுபிடித்துவிடலாம்.

உண்மை: பெயரை ஒரு டப்பா பெயின்ட்டில் மாற்றிவிடலாம். 1969-ல் நார்வேயில் கட்டிய ஒரு கப்பல் முதலில் வெஸ்தூர்வோன். பிறகு ரூபின், டைஃபூன்-1, குகோ, வூஹான் என்-4, கடைசியில் தண்டர். அண்டார்டிகா பக்கம் டூத்ஃபிஷ் மீனைத் திருட்டுத்தனமாக அள்ளிய கப்பல் இது. பெயரோடு கொடியும், அதாவது பதிவு செய்த நாடும், மாறியது. மாறாமல் நின்றது 6905408 என்ற ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் மட்டும்தான். கப்பலை உடைக்கும்வரை அந்த எண் அதற்குத்தான்.

எண் சரியா என்று நீங்களே பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 42, 54, 0, 20, 12, 0. கூட்டினால் 128. இதன் கடைசி இலக்கம் 8, ஐ.எம்.ஓ. எண்ணின் கடைசி இலக்கமும் 8. இட்டுக்கட்டிய எண்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பலர் ஐ.எம்.ஓ. எண்ணோடு குழப்பிக்கொள்ளும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண் கொடியைச் சேர்ந்தது. 419 என்று தொடங்கினால் இந்தியா, 417 என்றால் இலங்கை. கொடி மாறினால் அதுவும் மாறும்.

நம்பிக்கை: 500 ஜி.டி. (கிராஸ் டன்னேஜ்) கப்பல் 500 டன் மீன் ஏற்றும்.

உண்மை: ஜி.டி. எடைக் கணக்கே இல்லை. கப்பலின் மூடிய இடங்கள் அனைத்தின் கன அளவிலிருந்து வரும் எண். மீன் அறையின் கொள்ளளவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நம்பிக்கை: கண்காணிப்பு வரைபடத்தில் தெரியாவிட்டால் அங்கே கப்பல் இல்லை.

உண்மை: இதுதான் மிகவும் ஆபத்தான நம்பிக்கை. அந்த வரைபடத்துக்குத் தகவல் தரும் ஏ.ஐ.எஸ். கருவி, கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க வந்தது. அதை அணைக்க ஒரு கை போதும். செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பொதுக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை என்றது அது. வி.எம்.எஸ். என்ற இன்னொரு கண்காணிப்பு ஏற்பாட்டின் தகவல் அரசுகளுக்குப் போகும். பெரும்பாலும் நம் கண்ணுக்கு வராது.

தண்டர் கப்பலையும் வரைபடம் காட்டிக்கொடுக்கவில்லை. கடல்வாழ் உயிர்களைக் காக்கும் சீ ஷெப்பர்டு அமைப்பின் பாப் பார்க்கர் கப்பல் 2014 டிசம்பர் 17 அன்று தென்பெருங்கடலுக்கே போய் ராடாரிலும் கண்ணாலும் தேடிப் பிடித்தது. 110 நாள் விடாமல் பின்தொடர்ந்தது. 2015 ஏப்ரல் 6 அன்று சாவோ தோமே நாட்டின் அருகே தண்டர் மூழ்கியது. அதிலிருந்த 40 பேரையும் துரத்தி வந்தவர்களே காப்பாற்றினார்கள். கேப்டனுக்கும் இரண்டு இன்ஜின் பொறுப்பாளர்களுக்கும் அந்நாட்டு நீதிமன்றம் அதே ஆண்டு தண்டனை விதித்தது.