இரண்டு சுற்று போதும்

அன்புள்ள தம்பிக்கு,

லீட்ஸில் படிப்புக்கு நடுவே ஃப்ளை ஃபிஷிங் பழகுவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எந்த ஈயை, அதாவது இறகும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளில் கட்டும் எந்தப் பொய்ப்பூச்சியை, முதலில் கட்டுவது என்று கேட்டிருக்கிறாய். நீ இருக்குமிடத்துக்கு அருகில்தான் வார்ஃப், நிட் ஆறுகள் ஓடுகின்றன. அந்தக் கரைக்காரர்கள் தலைமுறைகளாகக் கட்டிவரும் மெல்லிறகு ஈயிலிருந்து தொடங்கு. அதிலும் 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்'. ஒரு முள், ஆரஞ்சுப் பட்டுநூல், பார்ட்ரிட்ஜ் என்னும் கௌதாரி இனப் பறவையின் ஓர் இறகு, அவ்வளவுதான்.

இது பழைய கலை. ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இல் வெளியிட்ட நூலில் இவ்வகை ஈக்களை 'ஸ்பைடர்' என்றார். டி. ஈ. பிரிட் 1885-இல் யார்க்ஷயர் ஈக்களைத் தொகுத்தார். அமெரிக்கர் சில்வெஸ்டர் நீம்ஸ் 1975-இல் எழுதிய நூல் இதை மறுபடி பலர் கைக்குக் கொண்டுவந்தது.

ஏன் மெல்லிறகு? ஆற்றடியில் வளரும் மேஃப்ளை போன்ற பூச்சிகள் இறக்கை விரிக்க நீர்ப்பரப்புக்கு ஏறி வருகின்றன. தோலுரிக்கும் அந்த நேரத்தில் அவற்றால் பறக்கவும் முடியாது, ஒளியவும் முடியாது. டிரவுட் மீன் அதற்காகவே காத்திருக்கும். சேவலின் கழுத்திறகு விறைப்பானது, மிதக்கும் ஈக்கே அது பொருந்தும். பார்ட்ரிட்ஜ் இறகின் இழைகளோ சிறு நீரோட்டத்திலும் மூடி விரியும். மீன் பார்ப்பது அந்த அசைவைத்தான்.

14-ஆம் எண் முள்ளை வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் பொருத்து. நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள். முள்ளின் கண்ணை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றத் தொடங்கு. சுற்றோடு சுற்று ஒட்டியிருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. முள்முனைக்கு நேர்மேலே வந்ததும் நிறுத்தி, அதேபோல் திரும்பி வா. உடல் வளைவுக்குள் இறங்க விடாதே.

இறகின் அடியிலுள்ள பூந்தூவலைக் கிள்ளி எறி. நுனியில் சில இழைகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பின்பக்கம் நீவு. அந்த நுனியைக் கண்ணுக்குப் பின்னால் கட்டு. இறகின் உட்குழிந்த பக்கம் உடலைப் பார்க்கட்டும், அப்போதுதான் இழைகள் பின்னோக்கிச் சாயும். இழையின் நீளம் முள்ளின் வளைவைத் தொட்டால் சரி.

இனி இறகைச் சுற்று. இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். கையில் இறகு மீதமிருக்கும். இன்னொரு சுற்று போட்டால் ஈ அழகாகத் தெரியும். அந்த அழகு மேசைமேல் மட்டுமே. இழைகள் நெருங்கினால் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடும், அசைவு போய்விடும். மீதத்தை வெட்டிவிட்டு, நான்கைந்து சுற்றில் தலையை முடிச்சிடு. நூல் மலையாகக் குவிய வேண்டாம்.

கட்டியதை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டு ஆட்டிப் பார். ஆரஞ்சு நிறம் நனைந்ததும் பழுப்பேறும், அதுதான் வேண்டும். இழைகளை நீ எண்ண முடிய வேண்டும். முடியாவிட்டால் பிரித்துக் கட்டு.

ஊருக்கு வரும்போது கௌதாரி இறகு தேடாதே. அது இந்தியாவில் சட்டப் பாதுகாப்புள்ள பறவை. பெட்டைக்கோழியின் மென்மையான கழுத்திறகே நன்றாக வேலை செய்யும்.

ஆற்றில் ஸ்டூவர்ட் சொன்ன வழியில், குறைந்த நூலோடு மேல்நோக்கி வீசலாம். தொடக்கத்தில் குறுக்காகவும் கீழ்நோக்கியும் வீசி, ஓட்டத்தில் ஈ வளைந்து வர விடுவது எளிது. மீன் இழுப்பது தெரிந்ததும் கோலை வெடுக்கென்று தூக்காதே. பல சமயம் அது தானே மாட்டிக்கொள்ளும். முள்முனையை ஒட்டிய எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கிவிட்டால் மீனை அதிகக் காயமின்றி ஆற்றில் திருப்பி விடலாம்.

ஆற்றுக்குப் போகுமுன் அரசின் தூண்டில் உரிமமும் அந்தக் கரைக்குரிய அனுமதிச் சீட்டும் வாங்கிவிடு. யார்க்ஷயரில் பிரௌன் டிரவுட் பிடிக்க மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரைதான் அனுமதி. மற்ற மாதங்கள் ஈ கட்டுவதற்கு.

அன்புடன்,
அண்ணன்