நெறி கட்டினால் காலை மட்டும் பார்க்காதே

அன்புள்ள கயல்விழி,

அம்மாப்பேட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். நடவு நேரம். சேத்துப்புண், முள் குத்து, மண்வெட்டிக் காயம் என்று ஓ.பி.யில் வரிசை நிற்கும். அதில் சிலர் தொடையிடுக்கைத் தொட்டு, “நெறி கட்டியிருக்கும்மா” என்பார்கள். காலில் புண் இருந்தால் நெறி கட்டும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு, கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் நோய் வேறு அதே இடத்தை வீங்க வைத்தது. காலைப் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது நமக்குப் பழகிப்போன விஷயம்.

ஆனால் ஆண்குறியின் நிணநீரும் தொடையிடுக்கில்தான் வந்து சேர்கிறது, அதுவும் இரண்டு பக்கமும். காலில் காயமே இல்லாமல் கட்டி கெட்டியாக இருந்தால் கேட்டே ஆக வேண்டும். உன்னிடம் சொல்லக் கூசுவார்கள். ஆண் ஊழியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, சுகரைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேள்: “தோல் பின்னால போகுதாய்யா? உள்ளே புண், நாத்தம் ஏதாவது?” தோல் விலகாதவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஆண்குறிப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்.

ஆள் பிழைப்பாரா என்பதைப் புண்ணின் அளவைவிடத் தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. நோய் ஒரே பக்கம் ஒன்றிரண்டு கணுவோடு நின்றிருந்தால் அறுவையால் பலர் தப்பிவிடுகிறார்கள். கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டாலோ, இடுப்பெலும்புக்குள் இருக்கும் கணுக்களுக்கு ஏறிவிட்டாலோ கதை வேறு.

எங்கள் காலத்தில் நெறி தட்டினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்து, கரைகிறதா என்று பார்ப்போம். இப்போது அப்படிக் காத்திருப்பதில்லை, உடனே ஊசி போட்டுச் செல் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த மாற்றம் சரிதான்.

எனக்கு அதிகக் கவலை, இந்தப் புற்று இருந்தும் தொடையிடுக்கில் கைக்கு ஒன்றுமே தட்டாதவர்களைப் பற்றி. அவர்களிலும் ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியாத பரவல் இருக்கும். ஸ்கேனும் அதைத் தவறவிடும். நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று பராகுவேயைச் சேர்ந்த கபானாஸ் 1977இல் எழுதினார். மார்பகப் புற்றுநோயில் இன்று எல்லாரும் பேசும் அந்த முறை, இந்த யாரும் பேசாத நோயில் பிறந்தது! 1994 முதல் ஆம்ஸ்டர்டாமில் கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் புண்ணைச் சுற்றிச் செலுத்தி அந்தக் கணுவைத் தேடினார்கள். 2005இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: கட்டி தட்டும்வரை காத்திருந்து அறுத்தவர்களில் மூன்று ஆண்டுகளில் இந்த நோய்க்குத் தப்பியவர்கள் 35 சதவீதம், முன்கூட்டியே கண்டு அறுத்தவர்களில் 84. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசமில்லை.

அந்த வசதி இல்லாத இடத்தில், புண் ஆழமாகவோ வீரியமாகவோ இருந்தால் இரு பக்கக் கணுக்களையும் அளவாக எடுத்துப் பார்ப்பார்கள். கால் வீங்கும், தையல் ஆற நாளாகும். இதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடு.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் சீட்டில் ‘நெறி உள்ளது’ என்று மட்டும் எழுதாதே. எந்தப் பக்கம், எத்தனை, எவ்வளவு பெரிது, அசைகிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா, எல்லாம் எழுது. “அறுப்பு முடியட்டும்மா, தை பிறந்ததும் போறேன்” என்பார். விடாதே. அவர் மனைவியையோ மகனையோ கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேள், போகும் தேதியைச் சீட்டிலேயே குறித்துக் கொடு.

அன்புடன்,
பெரியப்பா