கரை காத்த முன்னோர்

தம் குலத்து முன்னோர் இன்னார், அவர் இன்ன தொழில் புரிந்தார் என அறிய விழைவது மக்கள் இயல்பு. அவ்விழைவு நல்லதே. ஆயினும், செவிவழி வந்த செய்தியை அவ்வாறே கொள்ளாது, அதன் மெய்ம்மையை ஆராய்ந்து காண்டல் வேண்டும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

சென்னையின் தென்பால், மருந்தீசர் திருக்கோயிலால் புகழ்பெற்று விளங்கும் கடற்கரையூர் திருவான்மியூர். அவ்வூர் இளைஞன் ஒருவன், தன் பாட்டனாரின் தந்தையார் கடலோரக் காவற்படையில் பணியாற்றியவர் என்று வீட்டுப் பெரியோர் கூறக் கேட்டான் எனக் கொள்க. அவர் வரலாற்றை எழுத விரும்பிய அவன் முன்னர் முதலில் ஓர் ஐயம் எழும். இந்தியக் கடலோரக் காவற்படை 1977-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளிலேயே தோன்றியது. 1978-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் நிலைபெற்றது. நூறாண்டுகட்கு முன் வாழ்ந்தவர் அப்படையில் இருந்திருத்தல் இயலுமோ? இயலாது. அங்ஙனமாயின் பெரியோர் கூற்றுப் பொய்யோ? அன்று. அவர் கரையைக் காத்தது உண்மையாகலாம். காத்த துறையின் பெயர் வேறாக இருந்திருக்கலாம்.

கரை காக்கும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர், ஏற்றுமதிப் பண்டங்களுக்கும் இறக்குமதிப் பண்டங்களுக்கும் புலிப்பொறி இட்டுக் காத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் தம் நாட்டில் 1822-ஆம் ஆண்டு கடற்கரைக் காவலை ஒரே அமைப்பாக்கினர். சென்னை மாகாணத்திலோ அப்பணி பல துறைகளிடையே பகுக்கப்பட்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் அமையும்வரை, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே பேரலைகளைக் கடந்து ஆட்களையும் பண்டங்களையும் ஏற்றி இறக்கின. நீரில் வீழ்ந்தோரைக் கட்டுமரக்காரர் காத்தனர். கள்ளக்கடத்தலைத் தடுப்பது சுங்கத்தார் கடமை. 1894 முதல் 1977 வரை உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் எரிந்த கலங்கரை விளக்கத்தைப் பேணினோரும் இருந்தனர். இவர்களோடு, உப்பளங்களையும் கரையையும் சுற்றிவந்த உப்புத்துறைச் சேவகரும் இருந்தனர். இளைஞன் தேடும் முன்னோர் இவருள் எவரோ?

இவ்வினாவிற்குரிய விடை பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கத் தொடங்கும். பழம்பெட்டியில் பித்தளை வில்லை ஒன்று கிடப்பின், அதில் பொறித்த எழுத்தே துறையின் பெயரை உணர்த்தும். நிலம் வாங்கிய பத்திரம் இருப்பின், முன்னோரின் தந்தை பெயரும் ஊரும் தொழிலும் அதில் காணப்படலாம். இவற்றைத் திரட்டிய பின்னரே, 1909-ஆம் ஆண்டு முதல் எழும்பூரில் விளங்கும் ஆவணக் காப்பகத்தை நாடுதல் தகும். அங்கும் ஒன்றை மறத்தலாகாது. திருவான்மியூர் இன்று சென்னை மாநகருள் அடங்கினும், முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த சிற்றூராகும். சென்னை நகர ஏடுகளில் மட்டும் தேடுவோர், செங்கற்பட்டு ஏடுகளில் உள்ளதைக் காணாது வெறுங்கையுடன் மீள்வர்.

தேடி முடித்த இளைஞன் தன் முன்னோர் உப்புத்துறைச் சேவகர் என்று கண்டான் எனக் கொள்க. அப்போது அவன் உள்ளம் கலங்கக்கூடும். ஏனெனில், 1805-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மாகாணத்தில் உப்பு விளைத்தலையும் விற்றலையும் அரசின் தனியுரிமை ஆக்கியது. கரையில் தானே படிந்த உப்பை அள்ளிய ஏழையும் குற்றவாளி ஆனான். அவனைப் பிடித்தவன் சேவகன். உப்புச் சட்டத்தை எதிர்த்தே 1930-இல் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தனர். கடற்படை வீரர் என எண்ணிப் பெருமிதம் கொண்டிருந்தவனுக்கு இச்செய்தி கசப்பாகத் தோன்றுதல் இயல்பே.

அதனை மறைத்துவிடலாமோ? கூடாது. சேவகரும் சிறு ஊதியத்திற்கு வெயிலிலும் மழையிலும் கரையில் உழன்றவரே. சட்டம் இயற்றியவர் அவரல்லர். எனினும், அச்சட்டத்தால் வருந்தியோரும் அக்கரையில் வாழ்ந்த மக்களே. இருபாலார் நிலையையும் உள்ளவாறு எழுதுதலே நேர்மை.

இல்லாத புகழைச் சூட்டுவதால் முன்னோர் உயர்வதில்லை. உள்ள குறையை உரைப்பதால் அவர் தாழ்வதுமில்லை. அவர் வாழ்ந்தவாறே அவரை அறிந்து நினைவுகூர்தலே வழித்தோன்றல்கள் அவர்க்குச் செய்யும் உண்மைச் சிறப்பாகும்.