ஆவணக் காப்பும் அறமும்

வாயினாற் கூறுஞ் சொல் காற்றொடு கலந்து மறையும். எழுதப்பட்ட சொல்லோ நின்று பேசும். ஓர் அரசு இன்னது செய்தது, இன்னார்க்கு இன்ன தீங்கு நேர்ந்தது, இன்ன நிலம் இன்னார்க்கு உரியது என்பவற்றைக் கண்டோர் மாய்ந்த பின்னரும் எடுத்துரைப்பது ஆவணமே. ஆதலின் ஆவணங் காப்போன் வெறுந் தாளைக் காப்பவன் அல்லன். சான்று கூறுவோன் ஒருவனைக் காப்பவன் ஆவான். அச்சான்றினை அழித்தலும், ஒளித்தலும், அதனிடத்திற் பொய்ச்சான்றினை நிறுத்தலும் இத்தொழிற்கு நேரும் பெருங் குற்றங்கள் மூன்று. இவற்றுள் மிகக் கொடியது யாது என்பதனை மெய்யாக நிகழ்ந்த வரலாறு ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அற்றேல், எழுதிய தாளெல்லாம் என்றுங் காக்கப்படல் வேண்டுமோ எனின், அன்று. எந்தக் காப்பகமும் தன்பால் வருவன எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இயலாது. பயனற்றவற்றைக் கழித்தல் முறையே. ஆயினும், கழித்தது யாது, எந்நாளிற் கழிக்கப்பட்டது, யாருடைய ஆணையால், எவ்விதிப்படி என்பன பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். கழித்தல் குற்றமன்று; கழித்ததனைக் கூறாது விடுதலே குற்றம். இவ்வேறுபாட்டினை உளங்கொண்டு மேலே செல்வாம்.

பிரித்தானியப் பேரரசு தன் குடியேற்ற நாடுகளை ஒவ்வொன்றாக விட்டு நீங்கிய காலத்தில், அந்நாடுகளின் அலுவலகங்களில் இருந்த ஆவணங்களை என் செய்வது என்னும் வினா எழுந்தது. 1961ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியேற்ற நாட்டு அமைச்சராயிருந்த இயன் மக்லியாட் இதுபற்றி அறிவுரை ஒன்று அனுப்பினார். பிரித்தானிய அரசுக்கு நாணம் விளைக்கத்தக்கனவும், காவலர், படைஞர், அலுவலர், உளவு கூறியோர் ஆகியோர்க்கு இடர் விளைக்கத்தக்கனவும், ஒற்று வழிகளை வெளிப்படுத்துவனவும், புதிய அமைச்சர்கள் முறைகேடாகப் பயன்படுத்தக்கூடியனவும் ஆகிய ஆவணங்களைப் புதிய அரசிடம் ஒப்படைத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். உளவு கூறியோரின் உயிரைக் காத்தல் நேரிய காரணம் என்பதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஆள்வோரின் நாணத்தைக் காத்தல் ஆவணக் காப்பாளரின் தொழிலன்று.

கென்யா நாட்டில் இவ்வேலை நடைபெற்ற முறை அறியத்தக்கது. கோப்புகள் இருவகையாகப் பிரிக்கப்பட்டன. புதிய அரசுக்கு விட்டுச் செல்லத்தக்கன ஒருவகை. மறைக்கத்தக்கன மற்றொரு வகை. பின்னவற்றை ஐரோப்பிய வழியினராகிய பிரித்தானியக் குடிமக்களே கையாளலாம் என விதிக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் அவற்றைத் தொடுதற்கும் உரிமையிலர். எரிக்கப்படுவன சாம்பலாக்கப்பட்டு, அச்சாம்பலும் நொறுக்கப்படல் வேண்டும். கடலில் இடப்படுவன பாரமேற்றிய பெட்டிகளிற் கரைக்கு அப்பால் ஆழத்தில் இடப்படல் வேண்டும் எனவும் அறிவுறுத்தப்பட்டது. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. மறைக்கவேண்டிய கோப்பொன்றை எடுத்தவிடத்து, இடைவெளி தோன்றாதபடி அதற்கு ஈடாகப் போலிக் கோப்பொன்று செய்து வைக்கப்படல் வேண்டும் என்பதே அது.

அந்நாட்டில் மறைத்தற்கு யாது இருந்தது? 1952 அக்டோபர் முதல் 1960 சனவரி வரை ஆங்கு நெருக்கடி நிலை நிலவியது. கிக்குயு மக்கள் பல்லாயிரவர் விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அடியும் வதையும் உண்டனர். 1957இல் அங்கிருந்த அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிபித் ஜோன்ஸ் ஆளுநர்க்கு எழுதிய மடலில், பாவம் செய்வதாயின் அதனை ஓசையின்றிச் செய்தல் வேண்டும் என்னுங் கருத்தினை எழுதியுள்ளார். ஓசையின்றிச் செய்த பாவத்திற்கு ஓசையற்ற கோப்புகளே துணையாயின.

கென்யா 1963 டிசம்பரில் விடுதலை பெற்றது. முகாம்களில் வதையுண்டோருட் சிலர் முதுமையெய்திய பின்னர், 2009இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கின் பயனாகவே, பக்கிங்காம்சயரில் உள்ள ஆன்சுலோப்புப் பூங்கா என்னும் அரசிடத்தில், 37 குடியேற்ற ஆட்சிகளைச் சார்ந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள் ஒளிக்கப்பட்டிருந்தமை 2011இல் வெளிப்பட்டது. நம் தமிழ் மக்கள் பலர் வாழும் இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகியவற்றின் கோப்புகளும் அவற்றுள் இருந்தன. பின்னர் அவை கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்கு மாற்றப்பட்டன. 2013 சூன் 6ஆம் நாளில் அயல்நாட்டமைச்சர் வில்லியம் ஏக் பாராளுமன்றத்தில் வருத்தந் தெரிவித்து, 5,228 பேர்க்காக 199 இலட்சம் பவுன் அளிக்க இசைவதாக அறிவித்தார். கிழவரும் கிழவியரும் அரை நூற்றாண்டு காத்திருந்து பெற்ற நீதி இது. அதற்குள் இறந்தொழிந்தோர்க்கு யார் விடை கூறுவார்?

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு வருவாம். எரித்தல் கொடிதே, எனினும் எரித்தவிடத்தில் வெற்றிடம் ஒன்று எஞ்சும். அவ்வெற்றிடங் கண்டு, ஈண்டிருந்தது யாது என்று பின்வருவோர் வினவுவர். ஒளித்ததும் ஒருநாள் வெளிப்படலாம். போலிக் கோப்போ வினாவையே பிறக்கவொட்டாது தடுக்கும். தேடி வந்தோன் நிறைவுற்ற நெஞ்சினனாய்த் திரும்பிச் செல்வான்; தான் ஏமாற்றப்பட்டதனையும் அறியான். ஆதலின் மூன்றனுள்ளும் போலியே மிகக் கொடிது என்பது நம் துணிபு. சான்றினைத் திரித்து உண்மையை மறைக்குமாறு எவர் வற்புறுத்தினும் காப்பாளர் இணங்குதல் கூடாது என்பதனை, அனைத்துலக ஆவணக் காப்பக மன்றம் 1996இல் பெய்ஜிங் நகரில் ஏற்ற ஒழுக்க நெறியிலும் சேர்த்துள்ளது.

இவையெல்லாம் பேரரசுகளின் குற்றம், மாணவராகிய நமக்கு யாது தொடர்பு என்று எண்ணுதல் வேண்டா. சென்ற தேர்வுக்கு முன்னர் இலக்கண உரைநூலொன்றை நாடி நூலகம் புகுந்தோம். அட்டவணையில் அதன் பெயர் இருந்தது. அடுக்கில் நூலும் இருந்தது. விரித்தபொழுது நமக்கு வேண்டிய ஏடுகள் மட்டும் கூரிய அலகினால் அறுக்கப்பட்டிருந்தன. சினங் கொண்டோம். அச்சினம் ஆறுமுன்னரே ஒன்று நினைவுக்கு வந்தது: முன்னொரு பருவத்தில், பிறர் எடுத்துவிடுவர் என அஞ்சி, நாமும் ஒரு நூலை வேறோர் அடுக்கின் பின்புறத்தே இருகிழமை மறைத்து வைத்திருந்தோம். அந்நாள்களில் அட்டவணை பொய் கூறியது, கூறுவித்தோர் நாம். அந்நூலைத் தேடி வெறுங்கையோடு திரும்பியவர் யாரென்று இன்றும் அறியோம்.

நம்முட் சிலர் நாளை பள்ளிப் பதிவேடுகளையும், ஊர்க் கணக்குகளையும், நீதிமன்றக் கட்டுகளையும், நூலகங்களையும் காக்கும் பொறுப்பினை ஏற்பர். தாள் கிழிந்ததாயின் கிழிந்தது என்றும், நூல் இழந்ததாயின் இழந்தது என்றும் எழுதும் துணிவினை இங்கேயே பயிலுதல் வேண்டும். நாம் மறைத்து வைத்த நூலைப்பற்றி நூலகரிடம் சென்று உண்மை கூறினோம். அவர் கடிந்திலர், பதிவேட்டை எடுத்து, நாம் கூறியவாறே அதிற் குறித்துக்கொண்டார்.